ஸ்கோப் வாங்க முதல் ஒரு கேள்வி: குறிக்குப் பின்னால் யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுக்க வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சேர் துவக்குக்கு விளம்பரம் போடுறார்" என்றும் சொல்ல வேண்டாம், "சேர் விவசாயிக்கு எதிரா எழுதுறார்" என்றும் சொல்ல வேண்டாம். இரண்டும் இல்லை.

இரண்டு மாதமாக ஜும்ஆ முடிந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் ஒரே கதைதான். எயார் ரைபிள், ஸ்கோப். "சேர், நீங்க சயன்ஸ் படிப்பிக்கிற ஆள். 3-9×40 நல்லமா, 4×32 போதுமா?" என்று குறைந்தது ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். இளைஞர்கள் போனில் படம் காட்டுகிறார்கள். பெரியவர்கள் விலை கேட்கிறார்கள். நாமும் ஆரம்பத்தில் சிரித்துச் சமாளித்தோம். ஆனால் மூன்று கிழமைக்கு முன் ஒரு பின்னேரம், குரங்குக்கு விட்ட பெலட் ஒன்று பலாமரத்துக் கிளையைத் தாண்டிப் போய், அடுத்த வளவின் குசினித் தகரத்தில் 'டங்' என்று பட்டது. அந்தத் தகரத்துக்கு இரண்டு அடி இந்தப்பக்கம் ஒரு உம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. சுட்ட தம்பி கெட்டவன் இல்லை, நம்மிடம் படித்த பிள்ளைதான். துவக்கில் புது ஸ்கோப். "சேர், குரங்கு அவ்வளவு கிளியரா தெரிஞ்சது" என்று நடுங்கிக்கொண்டே சொன்னான்.

குரங்கு தெளிவாகத் தெரிந்தது. உம்மா தெரியவில்லை. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான்.

முதலில், பிரச்சினை உண்மையானது

நகரத்தில் இருந்துகொண்டு "பாவம் குரங்கு" என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். தென்னையில் குரும்பையிலேயே பிடுங்கி எறிவதை ஒரு நாள் வந்து நின்று பாருங்கள். சேனையில் சோளம் பால் பிடிக்கும் நேரத்தில் செங்குரங்குக் கூட்டம் இறங்கினால் ஒரு மணித்தியாலம் போதும். இரவில் பன்றி, விடியலில் மயில், பகலில் குரங்கு. கடன் பட்டு விதை, உரம் வாங்கிய மனிதன் வேலியோரம் நின்று அழுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

அரசாங்கத்துக்கும் தெரியாமல் இல்லை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் கதை வந்தது, போனது. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்க முற்றத்தில் நின்று குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணினோம். எண்ணினோம், தாளைக் கொடுத்தோம். குரங்கு அடுத்த நாளும் வந்தது. ஆகவே ஒரு விவசாயி தானாக ஏதாவது செய்யப் பார்ப்பதை நாம் குறை சொல்ல வரவில்லை. செய்வதைத் தெரிந்து செய்வோம் என்கிறோம்.

எந்தத் துவக்கு?

ஸ்கோப் தெரிவு செய்வதற்கு முன் அது எதன் மேல் ஏறப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்துடன் நம்ம ஊரில் சிலரிடம் இருப்பது பன்னிரண்டு போர் துவக்கு. அதற்கு ஸ்கோப்பே தேவையில்லை. சன்னங்கள் பரவிப் போகும். அதன் பயனுள்ள தூரம் 35, 40 மீற்றர். குழாய் முனையில் இருக்கும் சின்ன மணி போதும். அதில் ஸ்கோப் பூட்டுவது மண்வெட்டிக்குக் கண்ணாடி போடுவது மாதிரி.

மற்றது எயார் ரைபிள். பெரும்பாலும் 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர் பெலட், குழாயை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. கடையில் கேட்பதெல்லாம் இதற்குத்தான். எனவே இதைப் பற்றியே பேசுவோம்.

ஸ்கோப்பில் எழுதியிருக்கும் இலக்கம்

4×32 என்றால் நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் வில்லையின் விட்டம் 32 மில்லிமீற்றர். 3-9×40 என்றால் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றலாம், முன் வில்லை 40. இவ்வளவுதான். இலக்கம் கூடினால் நல்லது என்பது போன் கமராவுக்கே பொய், இதற்கு இன்னும் பெரிய பொய்.

ஏன்? முன் வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் பிரியுங்கள். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் வரும். 32ஐ நாலால் பிரித்தால் 8 மில்லிமீற்றர். 40ஐ ஒன்பதால் பிரித்தால் 4.4. மங்கும் வெளிச்சத்தில் இளைஞனின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும். மஃரிபை அண்டிய நேரத்தில் 9இல் வைத்துப் பார்த்தால் இருட்டாகத் தெரிவது இதனால்தான். சின்ன 4×32 அந்த நேரத்தில் அதைவிட வெளிச்சமாகக் காட்டும். வில்லையின் தரமும் மேற்பூச்சும் இதில் சேரும். ஆனால் கணக்கு இதுதான்.

அடுத்தது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் விட வேண்டிய தூரம். சாதாரணமாக மூன்று, நாலு அங்குலம். இதைப் பார்க்காமல் வாங்கினால் கழுத்தை நீட்டிக்கொண்டு சுட வேண்டும். உதைப்பு உள்ள பெரிய துவக்கு என்றால் புருவம் கிழியும்.

பெரிய ரைபிள் ஸ்கோப் ஏன் இதற்குச் சரிவராது?

இதுதான் கடைக்காரர் அதிகம் சொல்லாத விஷயம். இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று, உதைப்பு. மருந்துத் துவக்கு பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் எயார் ரைபிள் இரண்டு பக்கமும் உதைக்கும். ஸ்பிரிங் விரியும்போது பின்னுக்கு, உள்ளே பிஸ்டன் போய் முட்டும்போது முன்னுக்கு. பெரிய ரைபிளுக்குச் செய்த ஸ்கோப் பின்னுதைப்பைத் தாங்கும். முன்னுக்கு வரும் அடியில் உள்ளே குறிக்கம்பி அசையும், வில்லை தளரும். "வெளிநாட்டுச் சாமான், இவ்வளவு விலை, ஒரு மாதத்தில் குறி போய்ட்டு" என்று நொந்துகொள்ளும் தம்பிமார் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எயார் ரைபிளுக்கு உரியது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பூட்டும் வளையத்திலும், பின்னால் வழுக்காமல் தடுக்கும் ஊசி இருக்க வேண்டும்.

இரண்டு, இடமாறு தோற்ற வழு. தரம் 6 பிள்ளைக்கும் தெரியும். அளவுச்சாடியில் நீர் மட்டத்தைச் சாய்ந்து பார்த்தால் வாசிப்புப் பிழைக்கும். ஸ்கோப்பிலும் அதேதான். பெரிய ரைபிள் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 யாருக்குச் சரிசெய்து வரும். நம்ம ஆட்கள் சுடுவது 10, 20, 30 மீற்றரில். அந்தத் தூரத்தில் தலை கொஞ்சம் அசைந்தால் குறிக்கம்பி இலக்கின் மேல் நகரும், கூடிய உருப்பெருக்கத்தில் படமும் மங்கும். எயார் ரைபிள் ஸ்கோப்புகள் 30, 35 யாருக்குச் சரிசெய்தவை. அல்லது முன் வளையத்தைத் திருகி 10 யார் வரை குறைக்கக் கூடியவை.

நாங்கள் செய்து பார்த்தது

வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்று, அனுமதியுள்ள ஒரு நானாவின் ரைபிளை எடுத்து, அவருடைய சேனையின் மண்மேட்டுக்கு முன்னால் காட்போட் வைத்து, ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேராகச் செய்து பார்த்தோம். துவக்கின் சொந்த இரும்புக் குறி, ஒரு 4×32, ஒரு 3-9×40.

மணல் பையில் துவக்கை வைத்து 10 மீற்றரில்: இரும்புக் குறியில் ஐந்து பெலட்டும் ஒரு தேத்தண்ணிக் கிளாஸின் வாய்க்குள் விழுந்தன. 4×32இல் அதன் பாதிக்குள். 3-9ஐ ஒன்பதில் வைத்தால் காட்போட் புகை மண்டலம் மாதிரித் தெரிந்தது. மூன்றுக்கு இறக்கிய பிறகுதான் சுட முடிந்தது.

30 மீற்றரில்: இரும்புக் குறியில் ஒரு சோற்றுக் கோப்பை அகலம். 4×32இல் தேத்தண்ணிக் கிளாஸ் வாய். 3-9உம் ஏறத்தாழ அதுவே.

பிறகு மணல் பையை எடுத்துவிட்டு, நின்றுகொண்டு கையில் பிடித்துச் சுட்டோம். சேனையில் எவரும் மணல் பை கொண்டு போவதில்லையே. மூன்று பேரும் மூன்று குறியிலும் ஒரே மாதிரிச் சிதறினோம். ஸ்கோப் கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. நாற்பது பெலட்டுக்குப் பிறகு 3-9இன் வளையம் பின்னால் வழுக்கி, குறி முழுக்கப் போய்விட்டது. மலிவான வளையம், தடுப்பு ஊசி இல்லை.

இன்னொரு பாடம். ஸ்கோப் குழாய்க்கு மேலே ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. பெலட் கீழிருந்து புறப்பட்டு மேலே வந்து பார்வைக் கோட்டைத் தொட்டு மீண்டும் கீழே விழும். 25 மீற்றருக்குச் சரிசெய்த துவக்கு 5 மீற்றரில் இரண்டு சென்ரிமீற்றர் கீழே அடிக்கும். 50 மீற்றரில் 15 சென்ரிமீற்றர் அளவு கீழே அடிக்கும். ஸ்கோப்பில் 50 மீற்றரும் கிட்டத்தான் தெரியும், ஆனால் புவியீர்ப்பு ஸ்கோப்பைப் பார்ப்பதில்லை. குறி திருத்தும் திருகியில் ஒரு 'கிளிக்' கால் அங்குலம் என்று எழுதியிருப்பதும் 100 யாருக்குத்தான். 25 யாரில் அதே கிளிக் அதில் நாலில் ஒன்றுதான் நகர்த்தும். இது தெரியாமல் இரண்டு கிளிக் திருகிவிட்டு "ஸ்கோப் பழுது" என்று சொல்பவர்கள் உண்டு.

ஆகவே எங்கள் முடிவு

யாராவது கட்டாயம் வாங்கத்தான் போகிறார் என்றால், எயார் ரைபிளுக்கென்றே செய்த, உருப்பெருக்கம் மாறாத ஒரு 4×32, தடுப்பு ஊசியுள்ள நல்ல வளையம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயும் வீண். ஒன்லைனில் பெரிய பெயர் ஒட்டி மலிவாக விற்பவை பல போலி.

ஆனால் நம்ம ஊரில் கேட்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எங்கள் பதில்: ஸ்கோப் வேண்டாம்.

காரணத்தைக் கேளுங்கள். எயார் ரைபிள் வாங்குவது குரங்கை விரட்ட. சாதாரண எயார் ரைபிளின் பலத்துக்கு வளர்ந்த குரங்கு உடனே சாகாது. பெலட் உள்ளே போய்த் தங்கும். புண் அழுகும். நாள் கணக்கில் கிடந்து சாகும். வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி ஒரு தாய்க் குரங்கு ஒரு கையை இழுத்துக்கொண்டு நம்ம பாடசாலை மதிலால் போனதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. விரட்டத்தான் வேண்டுமென்றால் தகரத்தில் அடிக்கும் சத்தம் போதும், அதற்கு எதற்கு ஸ்கோப்? ஸ்கோப் இருந்தால் தூரத்தில் இருப்பதையும் சுட ஆசை வரும். தூரம் கூடக் கூடக் காயம்தான் கூடும், விளைச்சல் கூடாது.

முக்கியமானது இது. ஸ்கோப்புக்குள் ஒரு கண்ணை வைத்தவுடன் உலகம் ஒரு சின்ன வட்டமாகிவிடுகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே வரும் பிள்ளை தெரியாது. கிளைக்குப் பின்னால் இருக்கும் வீடு தெரியாது. தவறிய பெலட் நூற்றுக்கணக்கான மீற்றர் போகும். நம்ம ஊர் காடு இல்லை. வளவுக்கு வளவு வேலிதான். குரங்கு மரத்தில் இருந்தால் சுடுவது மேல்நோக்கி, அதற்குப் பின்னால் மண்மேடு இல்லை, யாருடையதோ முற்றம்தான். இன்னொன்று, சிலர் ஸ்கோப்பைத் தூரக்கண்ணாடியாகப் பாவிக்கிறார்கள். "அங்க யாரு வாறது" என்று ஸ்கோப்பால் பார்ப்பது, வருகிறவரின் நெஞ்சுக்குத் துவக்கை நீட்டுவதுதான். பார்க்க வேண்டுமென்றால் தூரக்கண்ணாடி வாங்குங்கள்.

சட்டமும், நம்ம நிலைமையும்

துவக்கு வைத்திருப்பது துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. லைசன்ஸ் துவக்கை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எயார் ரைபிளாக இருந்தாலும் பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் கேட்டு, அனுமதியைக் கையில் எழுத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். "கடைக்காரர் பிரச்சினை இல்லை எண்டார்" என்பது நீதிமன்றத்தில் செல்லாது. வெளிநாட்டிலிருந்து ஸ்கோப் வரவழைக்க முன் கஸ்டம்ஸில் கேளுங்கள். மான், மரை பக்கம் போகவே வேண்டாம். அது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். கட்டுத்துவக்கும் ஹக்க பட்டாஸும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பன்றிக்கு வைத்த ஹக்க பட்டாஸ் யானைக் குட்டியின் வாயைக் கிழிக்கிறது. கட்டுத்துவக்கு விறகுக்குப் போன மனிதனின் காலைக் கொண்டுபோகிறது.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பிமார் சிலர் ஸ்கோப் பூட்டிய துவக்கைத் தோளில் வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்ம வீடுகளில் நடந்த சோதனைகளை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? அலுமாரியிலிருந்த சாமானுக்கெல்லாம் விளக்கம் சொல்லிய நாட்கள் அவை. சேனைக் குரங்குக்கு எடுத்த படத்தை யாரோ வெட்டி வேறு தலைப்புப் போட்டால், விளக்கம் சொல்லப் போவது அந்தத் தம்பி மட்டும் இல்லை. ஊரே சொல்ல வேண்டும். இது பயப்படச் சொல்வது இல்லை. அனுமதியோடு வைத்திருப்பவர் தலை நிமிர்ந்து வைத்திருக்கலாம். காட்சிக்கு வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

மார்க்கமும் இதைத் தொடுகிறது. உயிருள்ளதைக் குறிபார்த்துப் பழகும் இலக்காக வைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, மிருகத்துக்கு வேதனை குறைக்கச் சொன்ன மார்க்கம் இது. மோதி அடிபட்டுச் செத்தது ஹலால் இல்லை என்பது குர்ஆனில் மாயிதா அத்தியாயத்தில் இருக்கிறது. பெலட் பட்டுச் செத்த புறாவையும் கொக்கையும் "பிஸ்மி சொல்லித்தான் சுட்டோம்" என்று சமைக்கிறவர்கள், முதலில் ஒரு ஆலிமிடம் போய்க் கேளுங்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது?

"வேண்டாம் வேண்டாம் என்று சொல்றீங்க, வழி சொல்லுங்க சேர்" என்று கேட்பீர்கள். நியாயம்.

ஒரு ஸ்கோப்பும் வளையமும் வாங்கும் காசைப் பத்து வீடு சேர்ந்து போட்டால், சோளம் முற்றும் நாட்களுக்கு ஒரு காவல்காரருக்குக் கூலி கொடுக்கலாம். முன்பு நம்ம வாப்பாமார் பரண் கட்டி முறை வைத்துக் காத்தார்கள். குரங்கு வருவது பெரும்பாலும் விடியலிலும் பின்னேரத்திலும். அந்த இரண்டு நேரத்துக்கும் முறை போட்டாலே பாதி மிஞ்சும். பக்கத்துச் சிங்கள ஊரிலும் இதே குரங்குதான். நாம் விரட்டினால் அவர்களிடம் போகும், அவர்கள் விரட்டினால் நம்மிடம் வரும். இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் செய்தால்தான் பலன். கமநல சேவை நிலையத்துக்கு ஒரு கடிதத்தில் இரண்டு ஊரும் கையெழுத்து வைத்துப் போவோம். எழுதித் தர நாங்கள் தயார். குப்பையைத் திறந்து வைத்துக் குரங்கைக் கூப்பிடுவதும் நாம்தான். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைக் குளக்கட்டில் கொட்டுவதை முதலில் நிறுத்துவோம்.

இவ்வளவுக்கும் பிறகு, அனுமதியோடு எயார் ரைபிள் வைத்திருப்பவர் பாவிக்கத்தான் வேண்டும் என்றால் நாலு விஷயம்: பின்னால் மண்மேடு இல்லாமல் சுடாதீர்கள். மரத்துக்கு மேலே சுடாதீர்கள். இரண்டு கண்ணாலும் சுற்றிப் பார்த்த பிறகே குறி பாருங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், பெலட் இல்லை என்றாலும்.

அந்தத் தம்பி அன்றிரவே அடுத்த வளவுக்குப் போய் அந்த உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "எனக்கும் குரங்கால நட்டம்தான் மகன், ஆனா நானும் இந்த ஊர்லதானே இருக்கேன்" என்றாராம். ஸ்கோப்பை அவன் கழற்றி வைத்துவிட்டான். தகரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. அந்தப் பாதையால் போனால் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போய் விலை கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் காவல் முறை பற்றிக் கதைக்க இருக்கிறோம். சேனை உள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள். இல்லாதவர்களும் வாருங்கள்.

வஸ்ஸலாம்.